கையில் கட்டும் கயிறு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உள்ளே ஏழு கைக்கயிறுகளும் நான்கு பக்கக் கடிதமும் இருந்தன. கடிதத்தை அன்றைக்கே வாசித்துவிட்டேன். கைக்கயிறுகளை மட்டும் இரண்டு நாள் மேசைமேல் வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை வெளிச்சத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினேன். உனக்குக் கை வாய்த்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதில் குறை சொல்லும் இடங்கள் நிறைய வரும்.

கோவளத்துக்கு அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களிடமும், சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கடல் பார்க்க வருகிற குடும்பங்களிடமும் விற்பதாக எழுதியிருந்தாய். இதை வைத்துப் பிழைக்க முடியுமா, இதைக் கலை என்று சொல்லிக்கொள்ளலாமா என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். முதல் கேள்விக்கு உன் ஊர்ச் சந்தைதான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் 31 வருஷம் சரக்குக் கப்பலில் இருந்தவன். கடைசி 12 வருஷம் போசன். டெக்கில் இருக்கிற கயிறு, வடம், கம்பி வடம் எல்லாவற்றுக்கும் போசன்தான் பொறுப்பு. எது தேய்ந்திருக்கிறது, எதைக் கழிக்க வேண்டும், எந்த முடிச்சை நம்பி ஆளை மேலே ஏற்றலாம் என்று அவன்தான் முடிவு செய்வான். என் அப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். ஆகவே கயிற்றோடு என் பழக்கம் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. உன் அப்பாவும் கடலுக்குப் போகிறவர் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் உனக்கும் அதே கதைதான்.

உன் அட்டையில் 'நாட்டிக்கல் பிரேஸ்லெட், மாலுமிகள் அணிவது' என்று அச்சடித்திருக்கிறாய். என் மனதை உறுத்திய முதல் விஷயம் அதுதான். மகளே, கப்பலில் வேலை செய்கிறவன் கையில் எதுவும் அணிய மாட்டான். மோதிரம், கைக்கடிகாரம், காப்பு, கயிறு எதுவும் கூடாது. டெக்கில் கால் வைக்கும் புதுப் பையனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே, கையிலும் கழுத்திலும் கிடப்பதைக் கழற்றிவிட்டு வா என்பதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தோம். வின்ச் சுற்றுகிறது, வடம் இழுபடுகிறது. என்னோடு வேலை செய்த ஒரு பையன் ஊர்க் கோயிலில் கட்டிய கயிற்றைக் கழற்ற மனமில்லாமல் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு வந்திருந்தான். நைலான் கயிறு. எப்படியோ அது வடத்தின் பிசிறில் மாட்டிக்கொண்டது. வின்ச்சை நிறுத்த இரண்டு மூன்று வினாடி ஆகியிருக்கும். கயிறு அறவில்லை. மணிக்கட்டிலிருந்து விரல்வரை தோல்தான் போனது. கை பிழைத்தது, ஆனால் அந்தக் கையால் அவன் மறுபடி வடம் பிடிக்கவில்லை. கட்டியவர்கள் அவன் நல்லதுக்குத்தான் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அவன் சட்டைக் கையை மடக்கிப் பார்க்காதது என் தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நீ அனுப்பியதில் மூன்று, பாராகார்டில் பின்னியவை. அந்தக் கயிறு பாராசூட்டுக்காகச் செய்தது. 550 பவுண்டு தாங்கும் என்பதால் அதன் பெயரிலேயே அந்த எண் ஒட்டிக்கொண்டது. நம் கணக்கில் 250 கிலோ. ஒற்றை இழையே அவ்வளவு தாங்கும் கயிற்றை மடித்து மடித்துப் பின்னி, அதற்கு எஃகுக் கொக்கி வைத்து, ஒருவருடைய மணிக்கட்டில் மாட்டுகிறாய். அலைச்சறுக்குப் பலகையின் கயிற்றிலோ, படகின் இன்ஜினிலோ, பைக் சங்கிலியிலோ அது மாட்டினால் என்ன அறும்? கயிறு அறாது. நான் இப்படிப் பேசுவதால் பாராகார்டே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. சேரும் இடத்தில் மட்டும் மெல்லிய பருத்தி நூலால் நாலைந்து தையல் போட்டு மூடு. வேகமாக இழுபட்டால் அந்தத் தையல் விட்டுவிட வேண்டும். கை போவதற்கு முன் கயிறு போக வேண்டும். எதை எங்கே விட்டுக்கொடுக்கும்படி செய்வது என்று யோசிப்பதும் கயிற்று வேலைதான். ஒவ்வொன்றையும் விற்பதற்கு முன் ஒரு முனையை ஆணியில் மாட்டி நீயே வெடுக்கென்று இழுத்துப் பார்.

அட்டையிலிருந்து 'மாலுமிகள் அணிவது' என்ற வரியை எடுத்துவிடு. 'மாலுமிகள் கட்டும் முடிச்சு' என்று போடு. அது உண்மை.

முடிச்சுக்கு வருகிறேன். உன் ஏழில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வெள்ளைப் பருத்திக் கயிற்றில் செய்தது. இதற்கு டர்க்ஸ் ஹெட் என்று பெயர். துருக்கிக்காரர் தலைப்பாகைபோல இருப்பதால் வந்த பெயர். யாரோ அலங்காரத்துக்காகக் கண்டுபிடித்தது என்று பலரும் நினைக்கிறார்கள். பாய்மரக் கப்பலில் அதற்கு வேலை இருந்தது. சுக்கான் சக்கரத்தில் பல கைப்பிடிகள் இருக்கும் அல்லவா, அதில் ஒன்றின்மேல் மட்டும் இந்த முடிச்சைப் போட்டு வைப்பார்கள். அந்தக் கைப்பிடி நேர் மேலே நின்றால் சுக்கான் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். அமாவாசை இருட்டில், மழையில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோது, சக்கரம் பிடித்தவனின் உள்ளங்கை அந்த முடிச்சைத் தேடிக் கண்டுபிடிக்கும். தொட்டுப் படிக்கிற எழுத்து மாதிரி. துடுப்பில் போட்டால் தண்ணீர் வழிந்து கைக்கு வராமல் தடுக்கும். ஏணிக் கயிற்றில் போட்டால் கை வழுக்காது. காற்றில்லாத நாட்களில் வேலை குறைந்தபோது அதே முடிச்சை இன்னும் நேர்த்தியாக, இன்னும் நெருக்கமாகப் போட்டுப் பார்த்தார்கள். அலங்காரம் அப்படி வந்தது, வேலையின் வயிற்றிலிருந்து.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், நியூ இங்கிலாந்து என்பார்கள், இந்த முடிச்சு மணிக்கட்டுக்கு வந்து நிலைத்துவிட்டது. நான் பாஸ்டனில் இறங்கியபோது பார்த்தேன். கரையோர ஊர்ப் பிள்ளைகள், பெரியவர்கள்கூட, கோடை தொடங்கும்போது வெள்ளைப் பருத்திக் கயிற்றில் செய்த இந்த வளையைத் தளர்வாக மாட்டிக்கொள்கிறார்கள். கடலில் நனைந்து வெயிலில் காய்ந்து அது சுருங்குகிறது. சுருங்கிய பிறகு கழற்ற வராது. கோடை முழுக்கக் கையிலேயே கிடந்து, உப்பும் வெயிலும் பட்டு வெளுத்து, பிசிறடித்து, இலையுதிர் காலம் வரும்போது கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கிறார்கள். கொக்கி இல்லை, நங்கூரப் படம் இல்லை, பாசிமணி இல்லை. ஒரே கயிறு, ஒரே முடிச்சு. கடற்கரை வாழ்க்கைக்கான நகை என்று எதையாவது சொல்ல வேண்டும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். அது கடலோடு சேர்ந்து மாறுகிறது.

அந்தக் கரையின் நியூ பெட்ஃபோர்டு என்ற திமிங்கல வேட்டைத் துறைமுகத்தில் 1881-ல் பிறந்தவர் கிளிஃபர்டு ஆஷ்லி. ஓவியர். வேட்டைக் கப்பலிலும் போய் வந்தவர். 11 வருஷம் உழைத்து முடிச்சுகளுக்கென்றே ஒரு பெரிய புத்தகம் செய்தார். 1944-ல் வெளிவந்தது. 3,800-க்கும் மேற்பட்ட பதிவுகள், சுமார் 7,000 படங்கள். கடலோடிகள் சங்க நூலகம் ஒன்றில் அதை முதன்முதலாகப் புரட்டிய அன்று கப்பலுக்குத் திரும்ப நேரமாகித் திட்டு வாங்கினேன். கசாப்புக்கடைக்காரர் போடும் முடிச்சு, செருப்புத் தைப்பவர் போடும் முடிச்சு, மாலுமி போடும் முடிச்சு எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு அவர் வரைந்து வைத்திருக்கிறார். கிடைத்தால் வாங்கு. ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, படங்களே பேசும்.

இந்த முடிச்சில் ஒரு கணக்கு இருக்கிறது. நீ அதில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தாய். 'சின்னக் கைக்கு எட்டு வளைவு வைத்தேன், சரியாக வந்தது. பெரிய கைக்கு ஒன்பது வைத்தேன், முனை பாதியிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டது, மூன்று முறை அவிழ்த்தேன்' என்று. உன் கையில் தப்பில்லை. ஒன்பதில் அது வரவே வராது.

மூன்று இழைப் பின்னல் என்பது நீ தினமும் போடுகிற சடைதான். சடையை வட்டமாக வளைத்து, முனையும் அடியும் ஒட்டி, மூன்று இழையும் உண்மையில் ஒரே கயிறாக இருக்க வேண்டும் என்றால் அதுதான் டர்க்ஸ் ஹெட். ஓரத்தில் எத்தனை வளைவு வருகிறதோ அந்த எண் மூன்றால் வகுபடக் கூடாது. வகுபட்டால் ஒரே கயிறு மூன்றாக உடைந்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்த மூன்று வளையமாகிவிடும். எட்டு வரும், ஒன்பது வராது, பத்து வரும். பெரிய கைக்குப் பத்துக்குத் தாவு. ஐந்து இழையில் செய்தால் ஐந்தின் மடங்கு ஆகாது. நான்கு இழை என்றால் எந்த இரட்டை எண்ணும் ஆகாது. இழை எண்ணுக்கும் வளைவு எண்ணுக்கும் பொதுவாக வகுக்கிற எண் ஒன்றைத் தவிர வேறு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதைக் கப்பலில் ஒரு பிலிப்பைன்ஸ் போசன் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கேட்டதும் எனக்கு அம்மா நினைவு வந்தது. மார்கழியில் அவள் போடும் சிக்குக் கோலம். நேர்ப்புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிகளுக்கு நடுவிலும் கம்பி குறுக்கே போய்ப் பின்னும்படி இழுப்பாள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி வைத்தால் கையெடுக்காமல் ஒரே கம்பியில் முடியும். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று கம்பி ஆகும். மூன்றுக்கு ஆறு வைத்தாலும் மூன்றுதான். அதே கணக்கு, மகளே, இம்மி பிசகாத அதே கணக்கு. வாசலில் அரிசி மாவில் அம்மா போட்டதைத்தான் கடலோடிகள் கயிற்றில் போட்டிருக்கிறார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியதாக நான் சொல்லவில்லை. நூல் ஒன்றுக்கொன்று மேலும் கீழும் போய்த் தன் வாலைத் தானே பிடிக்க வேண்டும் என்றால் எந்த ஊரிலும் அந்தக் கணக்குக்குத்தான் கட்டுப்பட வேண்டும். புது வடிவம் யோசிக்கும்போது காகிதத்தில் புள்ளி வைத்துக் கோலமாகப் போட்டுப் பார்த்துக்கொள். உன் பாட்டிக்குத் தெரிந்த கோலங்களை வாங்கி எழுதி வை. நங்கூரத்தையும் சுக்கானையும் எல்லாரும் ஒட்டுகிறார்கள். இதை யாரும் செய்யவில்லை.

அளவு எடுப்பதில் ஒரு திருத்தம். நீ மணிக்கட்டைச் சுற்றி அளக்கிறாய். கொக்கியில்லாத வளைக்கு மணிக்கட்டு அளவு உதவாது. வளையல் போடும்போது கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைக் குவிப்போம் அல்லவா, அப்படிக் குவித்து, முட்டி எலும்புகள்மேல் நூலைச் சுற்றி அள. அந்த அளவுக்குச் செய்து, வாங்குகிறவர் போட்ட பிறகு வெந்நீரில் நனைத்துக் காயவிடச் சொல். பருத்திதான் சுருங்கும். பருத்தி மாதிரியே இருக்கும் பாலியஸ்டரில் செய்துவிட்டுச் சுருங்கும் என்று சொல்லிவிடாதே. 20 சென்டிமீட்டர் சுற்றளவில், மூன்று இழையை மும்மடங்காக ஓட்டினால் கயிறு ஒன்பது தடவை கையைச் சுற்றும். சாய்ந்து சாய்ந்து ஓடுவதால் கூடுதலாகவும் தின்னும். மூன்று மீட்டர் வெட்டி வைத்துக்கொண்டால் நடுவில் பற்றாமல் போகாது. இறுக்குவதை ஒரே தடவையில் செய்யாதே. மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக, தொடங்கிய முனையிலிருந்து கடைசி முனைவரை தளர்ச்சியைத் தள்ளிக்கொண்டே போ. நீ அவசரப்படும் இடம் இதுதான். உன் வெள்ளைக் கயிற்றில் ஒரு பக்கம் நெருக்கமாகவும் எதிர்ப்பக்கம் வாய் திறந்தும் இருக்கிறது.

எந்தக் கயிறு என்று தெரியாமல் வாங்காதே. கடைக்காரர் எல்லாவற்றையும் 'நைலான்' என்பார். ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடு. மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் வகை. நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் வெயிலில் சீக்கிரம் நொறுங்கிப் பொடியாகும், அதை வெயிலில் திரிகிறவர் கையில் கட்டாதே. ஒரு நுனியைக் கொளுத்திப் பார். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். அந்த உருகிய மணி ஆறினால் கண்ணாடிச் சில்லுபோலத் தோலைக் கீறும். உன் கறுப்புக் கைக்கயிற்றில் அப்படி ஒன்று உள்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. முனையை உருக்கி விட்டுவிடுவது பாதி வேலை. மெல்லிய நூலால் முனையைச் சுற்றிக் கட்டி, ஊசியால் பின்னலுக்குள் இழுத்துப் புதைத்துவிட வேண்டும். இதற்குக் கூடுதலாக ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

தேங்காய் நாரை மறந்துவிடாதே. உப்புத்தண்ணீரில் மக்காது, மிதக்கும். உலகம் முழுக்க அதற்கு வழங்குகிற ஆங்கிலப் பெயரே நம்முடைய, மலையாளத்தாருடைய 'கயிறு' என்ற சொல்லிலிருந்து போனது. தோலுக்கு அது முரடு. ஆகவே கைக்கு வேண்டாம். சாவிக்கொத்துக்கும் பைக் கைப்பிடிக்கும் அதில் செய். எங்கள் பக்கத்தில் கதம்பையை ஊறவைத்து, அடித்து, தும்பு எடுத்து, ராட்டில் புரி முறுக்கிப் பிழைக்கிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வா. நூலை ஒரு பக்கம் முறுக்கிப் புரியாக்குகிறார்கள். மூன்று புரியைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கிக் கயிறாக்குகிறார்கள். புரி பிரிந்துவிடப் பார்க்கிறது. கயிற்றின் எதிர் முறுக்கு அதைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இதைக் கண்ணால் பார்க்காமல் கயிற்று வேலை முழுமையாகப் புரியாது.

நீ இருப்பது சோழமண்டலக் கரை. துறைமுகம் இல்லாத காலத்தில் சென்னையில் கப்பல் தூரத்தில் நிற்கும். ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு வளைந்துகொடுக்கும். கட்டுமரமும் அப்படித்தான். மரங்களைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குப் போய்வந்து, கரையில் அவிழ்த்துக் காயப்போட்டு, மறுபடி கட்டுவார்கள். உன் தாத்தா காலத்தில் உன் ஊர்க் கரையில் அது தினமும் நடந்த காரியம். அவர் கட்டிய கட்டை எப்படிக் கட்டினார் என்று உன் அப்பாவிடம் கேள். ஃபைபர் படகு வந்தபின் அந்தக் கட்டு மறந்துகொண்டு வருகிறது. கைக்கயிற்றில் நீ அதைக் கொண்டுவந்தால், யார் கேட்டாலும் இது இன்ன கட்டு, எங்கள் ஊரில் இதைக்கொண்டு மரம் சேர்த்தார்கள் என்று சொல்லலாம். அப்படிச் சொல்ல ஒன்று இருப்பதைத்தான் நான் கலை என்பேன்.

எங்கள் ஊரில் முத்துக் குளித்த காலத்துப் பேச்சு ஒன்று உண்டு. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு அடியில் இறங்குகிறவன், மேலே கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் வைப்பானாம். தங்கச்சி தாலி அறுவதை மச்சான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்பதால். கீழே இருக்கிறவன் அசைத்தால் மேலே இருக்கிறவன் இழுக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் பேச்சு அந்தக் கயிறு மட்டும்தான். நீ கட்டிக்கொடுப்பதையும் ஒருவர் நம்பித்தான் கையில் போடுகிறார். உன் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

இப்போது நிறத்தைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சென்னைப் பக்கம் உனக்கு இது பெரிதாகத் தோன்றாமல் போகலாம். எங்கள் தென் மாவட்டங்களில் கைக்கயிற்றின் நிறத்துக்கு வேறு அர்த்தம் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாங்கள் இன்ன சாதி என்று காட்டிக்கொள்ள இன்ன நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். கயிற்றைப் பார்த்துப் பேசுகிறார்கள், கயிற்றைப் பார்த்து அடிக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் நிறக் கயிறு கட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. எந்த நிறம் எதற்கு என்று நான் எழுத மாட்டேன். அதைத் தெரிந்துகொள்வதால் உன் வேலை ஒன்றும் உயராது. ஆனால் ஒரே இரண்டு நிறத்தில் நூறு கைக்கயிறு, பையன்களுக்கு, அவசரம் என்று ஒரு ஆர்டர் வந்தால், யாருக்கு, எதற்கு என்று கேள். மழுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ இப்போது இருக்கும் நிலையில் நூறு கைக்கயிற்று ஆர்டர் எவ்வளவு பெரிய காசு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன். கூடுமானவரை சாயமில்லாத வெள்ளையிலும், கடலில் வெளுத்த வலைநூலின் நிறத்திலும் செய். உப்பு பட்டுப் பட்டு எல்லா நிறமும் கடைசியில் அதற்குத்தான் வந்து சேரும்.

ஒரு கைக்கயிற்றில் வெள்ளையாக ஒரு துண்டு கோத்திருந்தாயே, அது பவளப்பாறை. கரையில் கிடந்ததைப் பொறுக்கியிருந்தாலும் கோக்காதே. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளப்பாறைகளும் கடற்குதிரையும் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி எடுத்ததை நான் சின்ன வயதில் பார்த்தவன். இனி ஒரு துண்டுகூடக் குறையக் கூடாது. கொக்கிக்குப் பதிலாகச் சிரட்டையைத் தேய்த்துப் பொத்தான் செய். மலிவான உலோகக் கொக்கிகள் உப்பில் ஒரு மாதத்தில் பச்சை பூத்துக் கையைக் கறுப்பாக்கிவிடும்.

தங்கூசித் துண்டு, வெட்டிய நைலான் நுனி எதையும் மணலில் விடாதே. கடைவிரித்த இடத்தைக் கிளம்புமுன் கையால் தடவிப் பார்த்துவிட்டு வா. தை, மாசி, பங்குனியில் உன் கரைக்குத்தான் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. உன் ஊர்க்காரர்கள் கழித்துப்போட்ட வலையிலிருந்து கயிறு எடுத்துச் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய். நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்து உப்பு போக அலசு, வெயிலில் காயவை, இழுத்துப் பார்த்து நொறுங்குவதைக் கழி. அதைக் கடலிலிருந்து எடுத்ததாக எழுதாதே, கரையில் வாங்கியதாகவே எழுது.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. ஒன்று கட்ட 40 நிமிஷம் ஆகிறது என்கிறாய், 60 ரூபாய்க்குக் கொடுக்கிறாய். கயிற்றுக் காசு போக உன் கைக்கு என்ன மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டுப் பார், அதைக் கொத்தனாரிடம் சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணின் கூலியோடு வைத்துப் பார். மெஷினில் பின்னி வருவதோடு விலையில் போட்டி போடாதே. 'நைந்துபோனால் கொண்டுவா, இலவசமாகப் புதிதாகக் கட்டித் தருகிறேன்' என்று அட்டையில் போடு. மெஷின் அதைச் சொல்ல முடியாது.

ஆறு கைக்கயிறுகளை நான் வைத்துக்கொள்கிறேன். என் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகிறேன், பாராகார்டு மூன்றையும் சேரும் இடத்தில் நானே வெட்டித் தைத்துக்கொண்டேன், பவளத்துண்டை எடுத்துவிட்டேன். பணம் தனியாக அனுப்பியிருக்கிறேன், மறுக்காதே. ஏழாவதை, அந்த வெள்ளைப் பருத்தியைத் திருப்பி அனுப்புகிறேன். முனை புதைந்திருக்கும் இடத்திலிருந்து வலப்பக்கமாக எண்ணிக்கொண்டே போ. ஐந்தாவது வளைவில் மேலே போக வேண்டிய இழை கீழே போயிருக்கிறது. வாங்குகிறவர் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அங்கே ஒரு சின்ன நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். அவிழ்த்து, மறுபடி கட்டி அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து,
ஓய்வுபெற்ற ஒரு போசன்